நகவுளியும் நீல மையும்

8-6-1979, வெள்ளி
காலையிலிருந்து சாரல். துணி ஒன்றும் காயவில்லை. ஜும்மாத் தொழுகைக்குப் போன மச்சான் சிரித்துக்கொண்டே திரும்பினார். பள்ளிவாசலுக்குப் புது மிம்பர் செய்யும் வேலை அவருக்கே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஹஜ்ரத் ஏறி நின்று பேசும் படிமேடை. தேக்கில் செய்யணும், முகப்பெல்லாம் பூங்கொடி. நோன்பு பிறப்பதற்குள் முடிக்கணும். "உத்தமபாளையமே பாக்கும் புள்ள!" என்றார். என்னைக் கட்டுவதற்கு முன்னாலிருந்தே, பன்னிரண்டு வருஷமாகக் கதவும் கட்டிலுமே செய்த மனுஷன். சந்தோஷம்தான். பயமும்தான்.

11-6, திங்கள்
பூ செதுக்கக் குமுளியிலிருந்து ஏழு நகவுளி வாங்கி வந்திருக்கிறார். வாய்ப்பக்கம் நகம் மாதிரி வளைந்தவை; ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. ஒன்றிலும் கூர் இல்லை.

13-6, புதன்
மச்சானுக்கு உளி தீட்டுவது என்றாலே வேப்பங்காய். சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் ஆகச் சின்னதைக் கொடுத்திருக்கிறார். பொறி பறக்கப் பிடித்தாராம். நுனி சூடேறிக் கறுத்துவிட்டது. நாலு வெட்டு தாங்கவில்லை. தேக்கில் ஒரு இதழ் பிய்ந்து வந்துவிட்டது. மச்சான் மரத்தைத் திட்டினார். மரம் என்ன செய்யும்?

16-6, சனி
அவர் மரம் எடுக்கக் கம்பம் போன நேரத்தில் அந்தக் கறுத்த உளியையும் அவருடைய தீட்டுக்கல்லையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கெட்டதுதானே, இதற்கு மேல் என்ன கெடும்? கறுப்புப் போகும்வரை தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். தோள் விட்டுப்போச்சு. கூர் மட்டும் வரவில்லை.

பிறகு ஒன்று தோன்றியது. இந்த நோட்டில் எழுதுகிற பேனாவைத் திறந்து உளியின் சரிவில் மையைத் தடவினேன். தேய்த்துப் பார்த்தால் நடுவில் மை போய்விட்டது, இரண்டு ஓரத்திலும் அப்படியே இருக்கிறது. அப்ப இவ்வளவு நேரமும் ஓரத்துல கல்லே படலையா! அதற்கப்புறம் உளியை உருட்டி உருட்டித் தேய்த்தேன். மை தடவுவது, தேய்ப்பது, பார்ப்பது. மத்தியானத்துக்கு மை முழுக்க ஒரே சீராகப் போயிற்று. உள்வளைவில் பிசிறு விரலில் தட்டியது. அந்த வளைவுக்குத் தக்க ஒரு குச்சியைச் சீவி, தேங்காயெண்ணெயும் கல்லில் ஊறிய சேறும் தொட்டு உரசினேன். போய்விட்டது.

முருங்கைக் கொம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். கண்ணாடி! இன்னொரு வெட்டு, இன்னொரு வெட்டு — பாதிக் கொம்பு காலி. அடுப்பில் சோறு குழைந்து கஞ்சி.

17-6, ஞாயிறு
மச்சான் ஒரு இதழ் செதுக்கினார். உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"யாரு?"
"நான்தான்."
மீதி ஆறையும் என் முன்னால் வைத்தார். பாராட்டு அவ்வளவுதான். எனக்குப் போதும்.

29-6, வெள்ளி
கம்பத்திலிருந்து சேக் பரீத் அண்ணன் வந்தார். செதுக்கு வேலையில் பேர் போனவர், லேசில் வாயைத் திறந்து நல்லா இருக்கு என்று சொல்ல மாட்டார். கொடியில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்னா கூருப்பா! உளி யாரு தீட்டுனது?" என்று கேட்டார்.
"நான்தாண்ணே" என்றார் மச்சான்.
கையில் டீத் தம்ளரோடு கதவுக்குப் பின்னால் நான் நிக்கேன். நான்தாண்ணேயாம்! வாய் கூசல? தோள் வலிச்சது யாருக்கு? விரல்ல மை இன்னும் போகல எனக்கு. அவுக விரல்ல இருக்கா?

30-6, சனி
உளி தீட்டவில்லை.

3-7, செவ்வாய்
சேக் பரீத் அண்ணன் தன் எட்டு உளியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அதே கூர் வேணுமாம். மச்சான் என்னிடம் நீட்டினார்.
"தீட்டுறது நீங்கதான மச்சான்? தீட்டுங்க."
"அன்னைக்கி வாயில வந்துருச்சு புள்ள."
"இன்னைக்கி கைக்கு வரட்டும்."
சொல்லிவிட்டு உள்ளே வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கோபம் போகவில்லை. சிரிப்பும் நிற்கவில்லை.

6-7, வெள்ளி
எட்டையும் தீட்டிவிட்டார். கட்டைவிரலில் துணி சுற்றியிருக்கிறது. மஞ்சள் வைத்துக் கட்டியது நான்.

10-7, செவ்வாய்
சேக் பரீத் அண்ணன் பையோடு திரும்பி வந்துவிட்டார். உளிகளைக் கீழே பரப்பி வைத்து, "அபுபக்கரு, அந்தக் கை வேற. இந்தக் கை வேற" என்றார்.
மச்சான் தலையைச் சொறிந்தார். நான் உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.
"சாபிரா தீட்டுனதுண்ணே. அன்னைக்கி நான் பொய் சொல்லிட்டேன்."
"அப்ப என் உளிய நீ எதுக்குடா தொட்ட?"
கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பிறகு உள்பக்கம் பார்த்து, "ஆத்தா, இந்த எட்டையும் நீதான் காப்பாத்தணும்" என்று குரல் கொடுத்தார். எழுதும்போதும் முகம் சுடுகிறது.

11-7, புதன்
பதினைந்து உளி. ஒரு புட்டி மை தீர்ந்தது. மச்சானே கடைக்குப் போய் இரண்டு புட்டி வாங்கி வந்தார்.

20-7, வெள்ளி
நோன்புக்கு ஒரு வாரம் முன்னாலேயே மிம்பரை ஏற்றியாகிவிட்டது. பொம்பளைகள் பள்ளிக்குள் போகிற வழக்கம் இல்லை, நான் பார்க்கவில்லை. "ஹஜ்ரத் ஏறுறதுக்கு முன்னால கொடியத் தடவிப் பாத்தாக" என்று மச்சான் மூன்று தடவை சொன்னார். நானும் மூன்று தடவை கேட்டுக்கொண்டேன்.

22-7, ஞாயிறு
மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஆள் குரல். போடியிலிருந்து சங்கரலிங்கம் என்று ஒருவர், சாமி வாகனம் செய்கிறவராம். கையில் ஒரு சாக்குப் பை.
"உளி தீட்டுறவுக வீடு இதானா?"
"ஆமா" என்று மச்சான் சொல்வது கேட்டது. "அவுக சாப்புட்டுக்கிட்டு இருக்காக. செத்த உக்காருங்க."

அவுக! கல்யாணமாகிப் பதினோரு வருஷம், என்னை 'அவ' என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் அவசரப்படவில்லை. இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்து, ஆணம் ஊற்றிக்கொண்டேன்.