புளி போட்டுத் தேய்த்த முகங்கள்

என் அருமை மச்சான் ஜெரோமுக்கு,

உன் பெண்டாட்டி ஸ்டெல்லா என்னை அண்ணே என்று கூப்பிட்ட நாளிலிருந்து நீ எனக்கு மச்சான். இதைப் படித்தால், "இன்னாடா காதர், லெட்டர்லாம் எழுதிக்கினு கீற, கடையில போணி ஆவலியா?" என்று கேட்பாய். ஆகிறது. தி.நகர் கடையில் பித்தளை விளக்கும் பழைய பூட்டும் முன்போலவே விற்கின்றன. நீதான் வருவதில்லை.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். நல்ல சேதி இல்லை.

பழைய சாமான்களோடு வரும் காலணாக்களில் யாரோ உளியால் செதுக்கியவற்றை நான் கழித்துப் போடுவேன். நாணய வியாபாரி தொடமாட்டான். கெட்ட காசு என்பான். நீ ஸ்கூலில் டிராயிங் கிளாஸ் எடுத்துவிட்டு வந்து அதையே பொறுக்குவாய். ராணிக்கு மூக்குத்தி போட்டுவிட்டிருப்பான் ஒருவன். ராஜாவுக்கு முண்டாசு கட்டி மீசை முறுக்கியிருப்பான் இன்னொருவன். ராஜாவையே சுரண்டி எடுத்துவிட்டு, கண்மூடித் தூங்கும் குழந்தையைச் செதுக்கிய காசு ஒன்று உண்டே, அதுதான் உன் உயிர். "பேரு கூட போடாம பூட்டானுங்கடா. எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சி ஜனம் பாக்கணும்" என்பாய். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னாய். நான் தலையாட்டினேன்.

ஆழ்வார்பேட்டையில் ஓவியக் கூடம் நடத்தும் ஓர் அம்மாவுக்குக் காசுகளின் போட்டோ அனுப்பிப் பேசினேன். சாந்தோமில் உன் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்றார். நீ போன பிறகு ஸ்டெல்லா முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். வீட்டைக் கழுவினாள், திரையை மாற்றினாள். கூடவே உன் பெட்டியைத் திறந்து, காசுகளைப் புளியில் ஊறவைத்து, செம்புப் பாத்திரம் விளக்குவதுபோல விளக்கித் துடைத்துவிட்டாள்.

"எப்படி இருக்கு அண்ணே? அவரு இப்படி ஒரு நாளாவது பாத்திருப்பாரா?" என்று தட்டை நீட்டினாள். எல்லாம் தகதகவென்று மின்னின. கோடுகளுக்குள் தேங்கிய கறுப்பில்தானே மச்சான் அந்த முகங்கள் இருந்தன? கறுப்பு போனதும் மூக்குத்தி இல்லை, மீசை இல்லை, குழந்தையின் இமை இல்லை. "நல்லா கீதும்மா" என்றேன்.

கூடத்து அம்மா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "போட்டோல முகம் இருந்துச்சே?" என்றார். காபியோடு வந்த ஸ்டெல்லா அப்படியே நின்றாள். அந்த அம்மா காசுகளைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போன பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, "அவரு விரல் பட்ட அழுக்க நானே கழுவிட்டேன் அண்ணே" என்றாள்.

நான் யாவாரி. கந்தகத் தண்ணீரில் முக்கினால் செம்பு நொடியில் கறுக்கும். புது விளக்கைப் பழசாக்கும் வித்தை அதுதான். பாட்டிலையும் வாங்கிவிட்டேன். கடையைத் திறக்கச் சாவி எடுத்தபோது கூடவே உன் நாலணா வந்தது. படுக்கையில் கிடந்தபடி, செல்லாத நாலணாவில் இருந்த காண்டாமிருகத்தை என் முகமாக மாற்றிக் கொடுத்தாயே, அது. "பெரிய வேல இல்லடா, கொம்ப மட்டுந்தான் எடுத்தேன்" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலாகி அடங்கவே இல்லை.

சட்டைப்பையில் என் வியர்வையிலும் விளக்கெண்ணெய்க் கையிலும் கிடந்து, அந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் கறுத்திருக்கிறது. எவன் கந்தகம் ஊற்றினான் அதில்? பாட்டிலை சாக்கடையில் கவிழ்த்தேன்.

இப்போது ஸ்டெல்லா ஜெபமாலை சொல்லும்போது உள்ளங்கையில் ஒரு காசை வைத்துக்கொள்கிறாள். கல்லாவில் உட்கார்ந்து நான் ஒன்றை விரலில் உருட்டுகிறேன். பேரம் பேச வருபவர் கையிலும் ஒன்றைத் திணித்து, பேரம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். "இன்னா பாய், மந்திரிச்ச காசா?" என்கிறார்கள். ராணியின் மூக்குத்தி மெல்லத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. குழந்தைக்குத்தான் இமை இன்னும் வரவில்லை.

அது கண் மூடும்வரை என் கை அதை விடாது மச்சான். அதற்குள் என் கண் மூடிவிட்டால், என் மகள் கையில் கொடுத்துவிட்டுத்தான் உன்னிடம் வருவேன்.

உன் மச்சான்,
கொம்பு எடுத்த காதர்