முதலில் ரத்தம் நிற்கட்டும்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். அவசரப் பிரிவுக் கூரை அதே மூலையில் ஒழுகுகிறது. பெரிய டாக்டர் கூப்பிட்டார். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டிங்கைச் சோதிக்கக் கதிர்வீச்சுக் கருவி வைத்திருக்கிறார்களாம். விபத்து என்றால் முதலில் வருவது நம் ஆஸ்பத்திரிக்குத்தான். "திட்டம் நீங்கதான் போடணும் சிஸ்டர்." போடுகிறேன். பாம்புக்கடி, பூச்சிமருந்து எல்லாம் பார்த்த கைக்கு இது என்ன!

நர்ஸ் கவிதா மாசமாக இருக்கிறாள். கதிர்வீச்சுக் கேஸ் வந்தால் அவளுக்கு வார்டு வேலை மட்டும். தேவை: பெரிய பிளாஸ்டிக் பை, பழைய பெட்ஷீட், கையுறை. வீட்டுக்குப் புளி.

நவம்பர் 5, புதன்

ஒத்திகை. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. டிரைவர் சேகர்தான் நோயாளி, காலில் ரத்தம் கொட்டுவதாகப் பாவனை. அட்டெண்டர் முருகன் வாசலிலேயே மறித்து, சாவு வீட்டுக்குப் போய் வந்தவனுக்கு ஊற்றுவதுபோல் தலையோடு தண்ணீர் ஊற்றினான். மற்றவர்கள் எட்டியே நின்றார்கள்.

"குளிச்சிட்டு உள்ள வரட்டும் சிஸ்டர், அதான முறை?"

"ஏன்டா, ரத்தம் போறவன குளிப்பாட்டி இன்னா பண்ணப்போற?"

சேகர் நடுங்கிக்கொண்டே, "நான் செத்து ரொம்ப நேரமாச்சு சிஸ்டர்" என்றான்.

மறுபடி செய்தோம். துணியை வெட்டி எடு, பையில் கட்டு, ஷீட்டில் சுற்று, உள்ளே கொண்டு வா, ரத்தத்தை நிறுத்து. கழுவுவது அப்புறம். துணியைக் களைந்தாலே ஒட்டிய தூசி பெரும்பாலும் போய்விடும், கையுறையும் அங்கியும் நம்மைக் காக்கும் என்று விளக்கினேன். முருகன் முகம் தெளியவில்லை. "எனக்கும் புள்ளகுட்டி இருக்கு சிஸ்டர்." நியாயமான பயம்தான்.

நவம்பர் 7, வெள்ளி

வந்தேவிட்டது. மத்தியானம் அந்தக் கம்பெனியிலிருந்து போன். அங்கே வேலை செய்யும் மடுகரை ஊர் ஆள், கருவியோடு சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். கம்பி தொடையைக் கிழித்து ஒரே ரத்தம். கருவி உடைந்ததா, யாருக்கும் தெரியாது.

கம்பெனி ஆம்புலன்ஸ் டிரைவர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நான் அங்கி மாட்டி முடிப்பதற்குள் முருகன் ஏறிவிட்டான். துணி, பை, ஷீட். தொடையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டே உள்ளே வந்தான். பெருமை தாங்கவில்லை எனக்கு.

டாக்டர் தையல் போட்டார். பிறகு டவுனிலிருந்து கதிர்வீச்சை அளக்கும் கருவியோடு ஆள் வந்தார். உடம்பில் ஒன்றுமில்லை, துணியிலும் இல்லை.

ஜெயித்தாயிற்று என்று டீ சொல்ல வெளியே வந்தால், வாசலில் அடிபட்டவனின் அம்மா. மழையில், மத்தியானத்திலிருந்து. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அவளுக்கு யார் போய்ச் சொல்வது என்று என் திட்டத்தில் ஒரு வரி இல்லை.  கையோடு கூட்டிப் போனேன். கட்டிலை விட்டு எட்டியே நின்றாள்.

"தொடலாமாம்மா? தொடக்கூடாதுன்றாங்களே."

"நல்லாத் தொடு."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவன் கன்னத்தைப் பிடித்தாள்.

"இன்னாடா, சாப்ட்டியா?"