கோட்டைத் தாண்டிய செல்கள்

ஜூன் 9
இன்றும் சாப்பாட்டு மேசையில் ஆராய்ச்சி அக்கா புராணம். அம்மாவின் ஆய்வகத்தில் வேலை செய்யும் மாணவிக்கு நான் வைத்த பெயர் அது. “என்ன பொறுமை, என்ன மூளை!” என்று அம்மா உருகினாள். நான் அறிவியலில் முதலாவது வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஃபோன் அடித்தது. யார்? அவள்தான்.
அப்பா சிரிக்கிறார்: “உங்கம்மாவுக்கு ரெண்டு பொண்ணு. மூத்தது லேப்ல இருக்கு.”
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 11
அவள் ஆராய்வது ஒரு ஆர்.என்.ஏ.வை. அது புரதம் எதையும் உருவாக்காது. இந்த வகையையே ஒரு காலத்தில் குப்பை என்று ஒதுக்கினார்களாம். ஆனால் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று அதட்டுவதே இவைதானாம்! ரத்தக்குழாய்ச் சுவரின் தசை செல்கள் உள்பக்கம் ஊர்ந்து வந்து வழியை அடைக்கின்றன. இந்த ஆர்.என்.ஏ.வை அடக்கினால் அவை ஊர்வது நின்றுவிடும் என்பது அக்காவின் நம்பிக்கை.
நானே தேடிப் படித்தேன். பிடித்தும் தொலைத்தது.

ஜூன் 14
அம்மா படங்கள் கொண்டுவந்தாள். தட்டில் பரவிய செல்களுக்கு நடுவே கோடு போல ஒரு கீறல். கோட்டைத் தாண்டி ஊர்ந்தவற்றை எண்ண வேண்டும். எந்தத் தட்டில் ஆர்.என்.ஏ.வை அடக்கினார்கள் என்று தெரியாத ஒருவர்தான் எண்ண வேண்டுமாம். அந்த ஒருவர் நான்.
“நான் எண்ணினா ஆசை கண்ணை மறைச்சிடும்னு அவளே சொல்றா” என்றாள் அம்மா. இதற்கும் பாராட்டு அவளுக்கே!
தாண்டிய செல்கள் குறைவாக இருக்கும் படங்கள்தான் அவளுக்குச் சாதகம். அவற்றில் நாலைந்து கூட்டிப் போட்டால்? யாருக்குத் தெரியும்? — எழுதவே கூசுகிறது. போடவில்லை.

ஜூன் 17
வித்தியாசமே இல்லையாம். அடக்கிய தட்டிலும் அடக்காத தட்டிலும் ஒரே அளவு ஊர்ந்திருக்கின்றன. அக்காவின் உழைப்பெல்லாம் போச்சு.
அம்மா என்னைத்தான் முறைத்தாள். “உனக்கு அவளைக் கண்டாலே ஆகாதே. ஒழுங்கா எண்ணினியா?”
எங்கம்மா. என்கிட்ட. எப்படிக் கேக்கலாம்? நினைச்சேன்தான்... ஆனா செய்யலையே!

ஜூன் 18
அக்கா வீட்டுக்கே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. நான் அறைக்குள் ஓடிவிட்டேன். கதவு வழியாகக் கேட்டது.
“மேடம், நான் வேற ஒருத்தரை வெச்சுத் திருப்பி எண்ணிட்டேன். உங்க பொண்ணு எண்ணினது சரி. என் யோசனைதான் தப்பு. பாவம், அவளைத் திட்டாதீங்க.”
எண்ணினவள்மேல் பழியைப் போட்டுவிட்டு அவள் தப்பித்திருக்கலாம். ஏன் போடவில்லை? அவள் இடத்தில் நான் இருந்திருந்தால்?
அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். ஆனாலும் பொறாமை போகவில்லை. இப்போது அம்மாவுக்காக இல்லை. அவளைப் போல இருக்க முடியவில்லையே என்று.

ஜூலை 5
ஆய்வகத்தில், அக்காவின் மேசையிலிருந்து எழுதுகிறேன். வேறொரு ஆர்.என்.ஏ.வைப் பிடித்திருக்கிறாள். “எண்ணுறதுக்கு நீதான் வேணும்” என்று அவளே கூப்பிட்டாள்.
சற்றுமுன் வீட்டிலிருந்து அம்மாவின் ஃபோன்: “என்னடி, ரெண்டு பேரும் என்னை மறந்தே போயிட்டீங்களா?”
“கொஞ்சம் இருங்க மேடம், இன்னும் நாலு படம் பாக்கி” என்றேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.