நாற்பத்தொரு நிரந்தரப் பேராசிரியர்கள்

14 மே 2024

காலையில் மாடிப்படி இறங்கும்போது பதினொரு ஜோடிச் செருப்புகளைத் தாண்ட வேண்டியிருந்தது. மேல்வீட்டு புஷ்ராவின் டியூஷன். தியாகராய நகரில் ஒரு சின்னக் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறார். பதவி, கௌரவ விரிவுரையாளர். எடுத்த வகுப்புக்கு மட்டும் சம்பளம். மே மாதம் வகுப்பு இல்லை, அதனால் செருப்புகள். ஒன்பதாவது வருடம்.

செய்தி ஆசிரியர் சாய்நாத்தின் ஃபோன். அதே கல்லூரி, ஒரு வார இதழின் அகில இந்தியப் பட்டியலில் பதினான்காம் இடமாம்: குறைந்த கட்டணத்தில் உயர்ந்த தரம். அரைப் பக்கம் வேண்டும். "சந்தோஷமா எழுதுங்க சார். விளம்பரம் குடுத்திருக்காங்க."

15 மே

கல்லூரியை விட வாசலில் இருக்கும் ஃப்ளெக்ஸ் அகலம். முதல்வர் பரத்வாஜ் காபி வரவழைத்தார். "ரகசியம் ஒண்ணும் இல்லை சார். பத்தொன்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர். எழுதிக்கோங்கோ."

எழுதிக்கொண்டேன். திரும்பும்போது காலியாக இருந்த வகுப்பறை ஒன்றில் பெஞ்சுகளை எண்ணினேன். அறுபத்தைந்து பேர் உட்காரலாம். காபி நன்றாக இருந்தது.

16 மே

பட்டியலுக்காக அந்த இதழுக்கு அனுப்பிய படிவம் கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கிறது. பக்கம் 31: முழுநேர நிரந்தர ஆசிரியர்கள், நாற்பத்தொரு பேர். வரிசை எண் 34, புஷ்ரா.

17 மே

படிவத்தை நிரப்பியவர் அலுவலக எழுத்தர் கனகராஜ். எதையும் மறைக்கவில்லை. "இதுல இன்னா சார் தப்பு? கௌரவக்காரங்க ரிஜிஸ்டரு போன வருசமே தீந்துபோச்சு. புச்சு கேட்டா வாங்கித் தர்ல. அல்லாரையும் ஒரே ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடச் சொன்னேன். அதப் பாத்துதான் எழுதினேன்."

நிரந்தரம் எத்தனை பேர்? "பதினஞ்சு."

மாணவர்கள் 780. வகுத்தால் ஐம்பத்திரண்டு பேருக்கு ஒருவர். ஒரு நோட்டு வாங்கித் தராததால் கிடைத்த பதினான்காம் இடம்.

மாலையில் புஷ்ராவிடம் காட்டினேன். "நான் பர்மனென்டா? எங்க அம்மிகிட்ட சொல்றேன், அவங்களும் சிரிக்கட்டும்." பிறகு: "ஃபீஸ் கம்மின்னு பாராட்டுறாங்களே, அது எங்க சம்பளம்தான் சார். எழுதிடாதீங்க. ஜூன்ல எங்களக் கூப்பிடவே மாட்டாங்க."

18 மே

எழுதினால் பதினான்காம் இடத்தோடு கௌரவ விரிவுரையாளர்கள் இருபத்தாறு பேரும் போவார்கள். எழுதாவிட்டால்? முப்பத்திரண்டு வருஷமா யாருக்காக இப்படி பெஞ்ச் எண்ணிக்கிட்டிருக்கேன்?

20 மே

அச்சுக்கு முன் எண்களை உறுதி செய்துகொள்வது என் வழக்கம். பெயர்ப் பட்டியலை இணைத்து முதல்வருக்குக் கடிதம்: இவர்கள் அனைவரும் நிரந்தரம் என்பது சரியா? புஷ்ராவிடம் கேட்டுவிட்டே அனுப்பினேன். பட்டியலில் தன் பெயரை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இல்லேன்னு அவரால எப்படி சார் எழுத முடியும்?"

மாலையே பதில் வந்தது. 'சரி.' கையெழுத்து, முத்திரை.

24 மே

வெளியானது. 'முதல்வர் எழுத்துமூலம் உறுதிசெய்த பட்டியல்' என்ற குறிப்போடு நாற்பத்தொரு பெயர்களும். "இத்தனை பேர் எதுக்கு சார்?" என்றார் சாய்நாத். சந்தோஷமாக எழுதச் சொன்னதை நினைவூட்டினேன்.

ஒரு பொய்யை, சொன்னவர் பெயரோடு அச்சிட்டிருக்கிறேன். அது செய்திதானா? தெரியவில்லை.

19 ஜூன்

இருபத்தாறு பேரும் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போயிருக்கிறார்கள். "எங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எங்க சார்னு கேட்டோம், அவ்வளவுதான்" என்றார் புஷ்ரா.

பரத்வாஜ் ஃபோன் செய்தார். "கட்டுரை பிரமாதம். ஆனா இவ்வளவு விவரம் தேவையில்லையே."

9 ஜூலை

புஷ்ரா உட்பட ஒன்பது பேருக்கு மட்டும் நியமன ஆணை தயாராகிறதாம். மீதிப் பதினேழு பேர் கையெழுத்துப் போட, கனகராஜுக்குப் புது ரிஜிஸ்டர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

19 மே 2025

இந்த வருடப் பட்டியல் வந்துவிட்டது. கல்லூரி கட்டணத்தை உயர்த்தியிருக்கிறது. பட்டியலில் அதன் பெயர் இல்லை. சாய்நாத் கூப்பிடவில்லை.

காலையில் மாடிப்படி காலியாக இருந்தது. புஷ்ரா வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு, அவருடையது.