தூக்கிய கால்

செப்டெம்பர் 7, சனி

இவர் இன்றும் லப்டொப்பும் கையுமாக இருக்கிறார். கஜந்தினியின் அரங்கேற்ற வீடியோவை வெளியாளிடம் கொடுக்காமல் தானே வெட்டி ஒட்டி முடிப்பதாக ஜூலையில் சபதம் போட்டவர். துண்டுகளை அடுக்கியாயிற்று. இனி எல்லாவற்றையும் ஒரே படமாக்கி ஹார்ட் டிஸ்க்கில் இறக்க வேண்டும். அதற்கு ‘ரெண்டர்’ என்று பெயராம்.

நாங்கள் இருக்கும் நோர்பரியில் பாதிச் சனம் அந்த அரங்கேற்றத்தைப் பார்த்துவிட்டது. பெற்றவள் நான் பார்க்கவில்லை. அரங்கேற்றத்தின் உயிரான வர்ணத்தை அவள் ஆடும்போது மண்டபத்துப் பின்கட்டில், இடியப்பம் எல்லாருக்கும் காணாது என்று சமையல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை சொன்னது இன்னும் குத்துகிறது.

“முன் வரிசையில உங்கட கதிரையில ஹாண்ட்பாக் மட்டும்தான் இருந்தது அம்மா. நான் அதைப் பார்த்துத்தான் ஆடினனான்.”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 21ஆம் திகதி யூனிவர்சிற்றிக்குப் போகிறாள். அதற்குள் அவளைப் பக்கத்தில் இருத்தி முழுவதையும் பார்த்துவிட வேண்டும்.

செப்டெம்பர் 8, ஞாயிறு

ரெண்டர் பாதியில் நின்றுவிட்டது. சூடேறிப்போச்சாம். காற்றுப் போகட்டும் என்று லப்டொப்புக்குக் கீழே என் இடியப்பத் தட்டு இரண்டை வைத்திருக்கிறார். கேட்டும் எடுக்கவில்லை.

செப்டெம்பர் 10, செவ்வாய்

வேலையால் வந்து உடுப்பு மடிக்க உட்கார்ந்தேன். ரெண்டர் ஓடும்போது திரையின் மூலையில், தீப்பெட்டியளவில் படமும் ஓடுகிறது. சத்தம் இல்லை. லப்டொப் பழசு, அதனால் எல்லாம் மெதுவாக, மிக மெதுவாக நகர்கிறது.

என்ன சொல்ல? முதலில் கண் போகிறது. அதற்குப் பின்னால் புருவம். அதற்கும் பிறகுதான் கை வருகிறது. இவ்வளவும் ஒரு நொடிக்குள்ளா நடக்கிறது? காலையில் கோர்ன்பிளேக்ஸ் தின்று கோப்பையைக் கழுவாமல் போகிற முகமா இது? எனக்கு ஆளைத் தெரியவில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. என்ர வயிற்றுக்குள்ள இருந்தா இது வந்தது?

வர்ணத்தின் நடுவில் வலது கால் மேலே எழுந்தது. எழுந்த கால் இறங்கவில்லை. படம் உறைந்து, திரையில் ‘முடியவில்லை’ என்று வந்தது. ஞாயிறும் இதே இடத்தில்தான் நின்றது என்றார் இவர்.

உடுப்பு பாதி மடித்தபடி கிடக்கிறது. மிச்சத்தை மடிக்கத் தோன்றவில்லை.

செப்டெம்பர் 13, வெள்ளி

மறுபடியும். அதே கால், அதே அந்தரம்.

செப்டெம்பர் 15, ஞாயிறு

தோர்ண்டன் ஹீத்தில் கல்யாண வீடு, பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு எல்லாம் படம் பிடிக்கும் யேசுரட்ணம் அண்ணைக்கு இவர் ஒருவழியாகப் போன் எடுத்தார். வெட்கத்தை விட்டுக் கேட்க இவ்வளவு நாள்.

“டிஸ்க்கில பிழையில்லை றொமேஷ். அதின்ர போர்மற் பழசு. எவ்வளவு இடம் கிடந்தாலும், ஒரு பைல் நாலு ஜிபிக்கு மேல வளர அது விடாது.”

டிஸ்க்கை அழித்துப் புது போர்மற் போட வேண்டுமாம். அதிலிருக்கும் பழைய படங்களை முதலில் வேறிடம் மாற்ற வேண்டும்.

நாலு ஜிபி நிரம்பிய இடத்தில்தான் என் பிள்ளையின் கால் தூக்கி நின்றிருக்கிறது. இவ்வளவு நாளும் அது அங்கேயே நிற்பது போலவும், எனக்குத்தான் கால் உளைவது போலவும் இருந்தது.

வீடியோ சரிவந்ததும் சேர்ந்து பார்ப்போமா என்று கஜாவிடம் கேட்டேன். தனக்குத்தான் தெரியுமே, நீங்கள் பாருங்கோ என்றுவிட்டாள்.

செப்டெம்பர் 20, வெள்ளி

புது போர்மற் போட்டு, மத்தியானம் ரெண்டரைத் தொடக்கிவிட்டு இவர் கடைக்குப் போனார். ஹோலில் கஜா சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“அந்தக் கால் எப்பிடியம்மா கீழ வருது?”

எந்தக் கால் என்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு தூக்கிக் காட்டினேன். விழப் பார்த்தேன். சிரித்தாள். ஜூலைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தது இன்றுதான்.

சூட்கேஸைத் தள்ளினாள். சோபாவைத் தள்ளினாள்.

“இருங்கோ அம்மா. எழும்பக் கூடாது.”

ஜொகிங் உடுப்போடு, தானே ஜதி சொல்லி, வர்ணத்தை முதலிலிருந்து ஆடினாள். பார்வை என்னை விட்டு நகரவில்லை. அந்த இடம் வந்தது. கால் எழுந்தது. நின்றது. பிறகு இறங்கியது பாருங்கள்! நிலம் அதிர்ந்து என் நெஞ்சுக்குள் ஏறியது. இத்தனை பெரிய ஒன்று இந்தச் சின்ன ஹோலுக்குள் எப்படி அடங்கியது? எனக்கு அழுகை வந்தது. துடைக்கவில்லை, துடைத்தால் கை மறைக்குமே.

போன் அடித்தது. குசினியில் கறி அடிப்பிடித்த மணம் வந்தது. நான் எழும்பவில்லை.

அவள் ஆடி முடித்து, மூச்சு வாங்க என் மடியில் தலையை வைத்த பிறகுதான் லப்டொப்பைத் திரும்பிப் பார்த்தேன். ரெண்டர் முடிந்திருந்தது. ஒரே பைல், பதினொரு ஜிபி. படம் அந்தத் தூக்கிய காலைத் தாண்டிப் போனபோது நான் திரையைப் பார்க்கவில்லை.