மாமியார் வேலை பார்த்த அலமாரி

மார்ச் 4
மருமகள் இன்றும் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து வந்தாள். இவர் ஆசை ஆசையாய் அவள் அறைக்குச் செய்துகொடுத்த பிளைவுட் அலமாரிதான் காரணம். புதுப் பலகையின் பசை நெடி. கண் எரிச்சல், ஓயாத இருமல்.
"அழ வைக்கிறது என் வேலை, அதை அலமாரி செய்யுதேடி" என்றேன். சிரித்தாள். பாதியிலேயே இருமல் வந்துவிட்டது.

மார்ச் 6
"அம்மா வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன் அத்தை."
கொஞ்ச நாள் என்றால்? கேட்க வாய் வரவில்லை. எனக்கா வாய் வரவில்லை!
அலமாரியை உடைத்துவிடட்டுமா என்கிறார் இவர். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 7
நான் குடுவை கழுவும் லேபில் மஞ்சள் டாக்டரிடம் சொல்லி அழுதேன். (ஆராய்ச்சி டாக்டர். கையெல்லாம் அவர் செய்யும் மஞ்சள் நிற ரசாயனப் பொடி, சமையல் மஞ்சள் இல்லை. பெயர் வைத்தது நான்தான்.) அந்தப் பொடிமேல் வெளிச்சம் பட்டால் காற்றில் உள்ள கெட்டதை உடைத்துவிடுமாம். வெயில்கூட வேண்டாம், டியூப்லைட்டே போதுமாம். பொடி பூசிய பலகை ஒன்றும், காற்றில் கெட்டது எவ்வளவு என்று எண்ணில் காட்டும் ஒரு பெட்டியும் கொடுத்தனுப்பினார்.
"ஜன்னலையும் தொறந்து வைங்கக்கா. இது மந்திரம் இல்ல."
மகராசி, நன்றாக இருக்கணும்.

மார்ச் 12
டாக்டர் கொடுத்த பலகையை அவள் அறையில் வைத்து ஐந்து நாளாகியும் பெட்டியில் எண் இறங்கவே இல்லை. மருமகள் துணி எடுத்து வைக்கிறாள்.

மார்ச் 13
டாக்டரே வீடு தேடி வந்துவிட்டார்.
"பலகைக்கு எதுக்குக்கா பெட்ஷீட்?"
"தூசி படக் கூடாதுல்ல?"
லேபில் நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் மூடி போடுகிறவள், வேறென்ன செய்வேன்?
"அக்கா! வெளிச்சம்தான் அதுக்குச் சாப்பாடே!"
வந்த விருந்தாளியைப் பட்டினி போட்டிருக்கிறேன். மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லவேளை, எனக்குப் போர்த்தி விடல!" பெட்ஷீட்டை உருவியவளும் அவள்தான். ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போகிறாளாம். என் தங்கம்.

மார்ச் 17
எண் இறங்குகிறது! இவர் அலமாரிக் கதவைத் தடவிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பார்க்கவே இல்லை, சரியா?

மார்ச் 20
இருமல் சத்தம் கேட்கவில்லை. யார் கண்ணும் படாமல் இருக்கணும், என் கண் உட்பட.

மார்ச் 27
மருமகள் போனில்: "நான் எதுக்கும்மா அங்க வரணும்? நீ வந்து இங்க இரேன்."
ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வருகிறார். அவர் புடவைகளுக்காக அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். இனி நான்தான் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும்.