பரணிலிருந்து வந்த கமீஸ்

ஜூலை 8, செவ்வாய்

வழுக்கி விழுந்த மாமியாருக்குப் புத்தூரில் கையைத் தோளோடு சேர்த்துக் கட்டுப் போட்டுவிட்டார்கள். ஜாக்கெட் நுழையவில்லை. என் பழைய கமீஸில் ஒரு கையை வெட்டிவிட்டு நீட்டினேன்.

"அது நம்ப உடுப்பு இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருப்பதியில் பிரெஞ்சு படிக்கும் என் மகள் போனில் இருந்தாள். "ஆயா, ஸ்பெயின்ல, போர்ச்சுகல்ல சட்டைய கமீசான்னுதான் சொல்றாங்க. பிரெஞ்சுல ஷெமீஸ். நம்ப சிம்மீஸு, கமீஸு ரெண்டுமே ஒரே வார்த்தைலேர்ந்து வந்ததுதான்."

"சிம்மீஸா? சின்னதுல நானே போட்டுக்கினு இருந்தேனே." நல்ல கையை மெல்லத் தூக்கினார். "யாருனா கேட்டா சிம்மீஸ்னே சொல்லு."

எனக்குக் கல்யாணமான புதிதில் இந்தக் கமீஸைப் பரணில் போடச் சொன்னவர் அவர்தான். மேலே இன்னும் இரண்டு இருக்கின்றன. அவற்றின் கையை வெட்டப் போவதில்லை, அவை எனக்கு.